வெடிக்கும் காற்றும் சான்று பெற்ற கருவியும்

பெட்ரோல் ஆவி காற்றோடு கலந்தால் எந்த அளவிலும் தீப்பற்றிவிடும் என்பதில்லை. கலவையில் ஆவியின் பங்கு ஏறத்தாழ 1.4 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் எரிபொருள் போதாது, 7.6 விழுக்காட்டைத் தாண்டினால் ஆக்சிஜன் போதாது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும்போதுதான் ஆபத்து. மீத்தேனுக்கு இந்த எல்லை 5 முதல் 15 வரை, ஹைட்ரஜனுக்கு 4 முதல் 75 வரை. இந்த எல்லைக்குள் ஒரு கலவை உருவாகக்கூடிய இடம் எதுவோ அதுவே வெடிப்புச் சூழல். அங்கே ஓடும் மோட்டாரோ, எரியும் விளக்கோ, அழுத்தும் சுவிட்சோ அந்தக் கலவையைப் பற்றவைக்காது என்று, தயாரிப்பாளரும் வாங்குபவரும் அல்லாத மூன்றாவது தரப்பு ஒன்று சோதித்து எழுத்தில் தருவதே பாதுகாப்புச் சான்று.

சுத்திகரிப்பு ஆலைக்கும் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் மட்டுமே உரிய சங்கதி இது என்ற எண்ணம் பரவலாக உண்டு. மணலியில் பெரிய சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. அங்கே ஒவ்வொரு விளக்குக்கும் பதிவேடு இருக்கும். ஆனால் காஞ்சிபுரம்–வந்தவாசி சாலையில் உள்ள பெருநகர் என்னும் ஊர், உத்திரமேரூர் வட்டாரம் போன்ற நெல் விளையும் கிராமப்புறத்திலும் வெடிப்புச் சூழல்கள் உண்டு. பெட்ரோல் பங்க், சமையல் எரிவாயுக் கிடங்கு, சாண எரிவாயுக் கலன், உமித்தூள் பறக்கும் அரிசி ஆலை, பழைய டேங்கர் லாரிக்கு வெல்டிங் வைக்கும் பட்டறை எல்லாமே இந்தக் கணக்கில் வரும். 2022 செப்டம்பர் 28 அன்று வாலாஜாபாத்தை அடுத்த தேவரியம்பாக்கத்தில் சமையல் எரிவாயு உருளைகள் வைத்திருந்த கிடங்கில் தீப்பிடித்து வெடித்தது. தீக்காயம் பட்டவர்களில் பலர் அடுத்தடுத்த நாட்களில் இறந்தார்கள்.

அதற்கு அடுத்த ஆண்டு, 2023 மார்ச் 22 அன்று, காஞ்சிபுரத்தை ஒட்டிய குருவிமலையில் பட்டாசு ஆலை வெடித்தது வேறு வகை. பட்டாசு மருந்து தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. காற்றோடு கலக்க அது காத்திருப்பதில்லை. செய்தித்தாள்களில் இரண்டும் வெடிவிபத்து என்றே வந்தாலும் காக்கும் முறை வேறு. இந்தக் கட்டுரை காற்றோடு கலந்து வெடிப்பவற்றைப் பற்றியது.

ஒரு பங்க்கின் எல்லா இடமும் ஒரே அளவு ஆபத்தானதல்ல. எனவே கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன் இடத்தைப் பிரிக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 5572 இதற்கான விதிமுறை. தரைக்கடியில் புதைத்த தொட்டியின் உட்புறத்தில், எண்ணெய் மட்டத்துக்கு மேலே, ஆவி எப்போதும் இருக்கும். அது மண்டலம் 0. வழக்கமான வேலையின்போதே அவ்வப்போது ஆவி சேரும் இடம் மண்டலம் 1. ஏதாவது கோளாறு ஏற்பட்டால் மட்டும், அதுவும் சிறிது நேரமே, ஆவி வரக்கூடிய இடம் மண்டலம் 2. டேங்கர் லாரி வந்து எண்ணெய் இறக்கும்போது தொட்டியின் காற்றுப்போக்கிக் குழாயின் வாயைச் சுற்றியும் ஆவி சேரும். கல்லாப்பெட்டி இருக்கும் அறை, சரியாகக் கட்டப்பட்டிருந்தால், எந்த மண்டலத்திலும் சேராது.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. அது மேலே போகாது. தரையோடு தவழ்ந்து பள்ளத்திலும் கேபிள் வாய்க்காலிலும் தேங்கும். சமையல் எரிவாயுவும் கனமானதே. இப்போது பல பங்க்குகளில் பெட்ரோலுக்குப் பக்கத்திலேயே சிஎன்ஜி வந்துவிட்டது. சிஎன்ஜி என்பது பெரும்பாலும் மீத்தேன். காற்றில் பாதி எடைதான். கசிந்தால் நேராக மேலேறிக் கூரைக்கு அடியில் சேரும். பெட்ரோலை மட்டும் விற்ற காலத்தில் கவலையில்லாமல் மாட்டியிருந்த கூரை விளக்கு, சிஎன்ஜி வந்த அன்றைக்கே வேறு கணக்குக்குள் போய்விடுகிறது. அந்த விளக்கில் யாரும் கை வைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அது இனி அந்த இடத்துக்கு ஏற்றதா என்பதைப் புதிதாகப் பார்த்தாக வேண்டும்.

பங்க் டிஸ்பென்சரின் அடிப்பெட்டியில் இருக்கும் மோட்டாரை மெக்கானிக்குகள் ‘ஃபிளேம்ப்ரூஃப் மோட்டார்’ என்பார்கள். ஃபிளேம்ப்ரூஃப் என்றால் காற்றுப் புகாமல் அடைத்தது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. ஆவி உள்ளே போகத்தான் செய்யும், உள்ளே தீப்பொறி பட்டு வெடிக்கவும் செய்யும் என்று எடுத்துக்கொண்டே அந்த உறை வடிவமைக்கப்படுகிறது. அதற்குக் கட்டளை இரண்டே: உள்ளே வெடித்தால் உறை உடையக் கூடாது, உள்ளே எழுந்த சுடர் வெளியே வந்து அங்குள்ள ஆவியைப் பற்றவைக்கக் கூடாது. மூடியும் உடலும் சேரும் இடத்தில் வழவழப்பாகச் செதுக்கிய இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே மிக மெல்லிய இடைவெளி இருக்கும். வெடித்த சூடான வாயு அந்த இடுக்கு வழியே நெருக்கியடித்து வெளியேறும்போது உலோகத்திடம் வெப்பத்தை இழக்கிறது. வெளிக்காற்றோடு கலக்கும்போது மேலும் ஆறுகிறது. வெளியே வரும்போது பற்றவைக்கும் வலு அதற்கு இருப்பதில்லை.

எவ்வளவு இடைவெளி வரை சுடர் தாண்டாது என்பது வாயுவைப் பொறுத்தது. புரோப்பேனுக்கு ஏறத்தாழ 0.92 மில்லிமீட்டர், எத்திலீனுக்கு 0.65, ஹைட்ரஜனுக்கு 0.29. இந்த அளவை வைத்தே வாயுக்கள் குழுக்களாகப் பிரிக்கப்பட்டன. சுரங்க மீத்தேன் தனியாக முதல் குழு. மற்ற தொழில்களுக்கு இரண்டாம் குழு, அதில் 0.9 மில்லிமீட்டருக்கு மேல் உள்ளவை 2ஏ, 0.5 முதல் 0.9 வரை 2பி, அதற்கும் கீழே 2சி. பெட்ரோலும் சமையல் எரிவாயுவும் 2ஏ. ஹைட்ரஜனும் அசெட்டிலீனும் 2சி. வெல்டிங் பட்டறையில் சாதாரணமாகப் புழங்கும் அசெட்டிலீன் இந்த வரிசையில் மிக மோசமான இடத்தில் இருப்பதைப் பட்டறைக்காரர்கள் பலர் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

பொறி ஒரு வழி என்றால் சூடான பரப்பு இன்னொரு வழி. பொறியே இல்லாமல், மோட்டார் உறையின் வெளிப்புறம் போதிய அளவு கொதித்தாலே ஆவி தானாகப் பற்றிக்கொள்ளும். இதற்கு டி1 முதல் டி6 வரை ஆறு வெப்ப வகுப்புகள். டி1 கருவியின் பரப்பு 450 டிகிரி செல்சியஸ் வரை போகலாம். டி2 300, டி3 200, டி4 135, டி5 100, டி6 85. பெட்ரோலுக்கு டி3 போதும். குழுவும் வெப்ப வகுப்பும் ஒன்றோடொன்று ஒட்டியவை அல்ல. ஹைட்ரஜனைப் பற்றவைக்க 0.02 மில்லிஜூல் அளவுள்ள நுண்பொறி போதும், ஆனால் அது தானாகத் தீப்பற்ற 500 டிகிரிக்கு மேல் வேண்டும். கார்பன் டைசல்பைடோ 100 டிகிரியை ஒட்டிய வெப்பத்திலேயே எரியத் தொடங்கும். கொதிநீர்க் குழாய் ஒன்று அதற்குப் போதும்.

இந்த அறிவு சுரங்கத்தில் பிறந்தது. 1815இல் ஹம்ஃப்ரி டேவி செய்த சுரங்க விளக்கில் சுடரைச் சுற்றிக் கம்பிவலை இருந்தது; வலை வெப்பத்தை உறிஞ்சிச் சுடரை உள்ளேயே நிறுத்தியது. மின்சாரம் சுரங்கத்துக்குள் இறங்கிய பிறகு அதே கொள்கையை ஜெர்மனியில் கார்ல் பெய்லிங் மோட்டார் உறைகளுக்குக் கொண்டுவந்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோதித்துக் காட்டினார். 1913 அக்டோபர் 14 அன்று வேல்ஸ் நாட்டின் செங்கென்னிட் சுரங்கத்தில் 439 தொழிலாளர்கள் மாண்டார்கள். காரணமாகச் சந்தேகிக்கப்பட்டவற்றில் ஒன்று, சைகை காட்டும் மின்மணியின் சின்னஞ்சிறு பொறி. பேட்டரியில் ஓடும் மணி அது. அது ஆபத்தாகும் என்று அதுவரை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. அந்தப் பொறியை ஆராய்ந்தபோதுதான், மின்சுற்றில் தேங்கும் ஆற்றலையே பற்றவைக்க முடியாத அளவுக்குக் குறைத்துவிட்டால் உறையே வேண்டாம் என்ற எண்ணம் உருவானது. உள்ளார்ந்த பாதுகாப்பு என்று அதைச் சொல்கிறார்கள். தொட்டியில் எண்ணெய் மட்டத்தை அளக்கும் கருவி மண்டலம் 0க்குள்ளேயே உட்கார்ந்திருக்க முடிவது இந்த முறையால்தான்.

இந்தியாவிலும் பாடம் சுரங்கத்திலிருந்தே வந்தது. 1958 பிப்ரவரியில் சினாகுரி நிலக்கரிச் சுரங்கத்திலும் 1965 மே 28 அன்று டோரி சுரங்கத்திலும் வெடிவிபத்துகள் நடந்தன. டோரியில் மட்டும் 268 பேர் இறந்தார்கள். தன்பாத்தில் 1956இல் தொடங்கிய மத்தியச் சுரங்க ஆராய்ச்சி நிலையம், இப்போது மத்தியச் சுரங்க மற்றும் எரிபொருள் ஆராய்ச்சி நிறுவனம், ஃபிளேம்ப்ரூஃப் கருவிகளைச் சோதிக்கும் முதன்மையான ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. சுரங்கக் கருவிகளுக்கு ஒப்புதல் தருவது அதே ஊரில் உள்ள சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம். பெட்ரோலியம், எரிவாயு சார்ந்த இடங்களுக்கு நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு, சுருக்கமாக பெசோ. வெடிபொருள் துறை என்ற பெயரில் 1898இல் தொடங்கிய பழைய அமைப்பு அது. 2002ஆம் ஆண்டின் பெட்ரோலிய விதிகளின்படி ஆபத்தான பகுதியில் வைக்கும் மின்கருவிக்கு அதன் தலைமைக் கட்டுப்பாட்டாளரின் ஒப்புதல் வேண்டும்.

ஒப்புதல் பெறும் வழி நீளமானது. தயாரிப்பாளர் வரைபடங்களையும் மாதிரியையும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார். அங்கே உறைக்குள் வாயுக் கலவையை நிரப்பி வெடிக்க வைத்து எழும் அழுத்தத்தை அளக்கிறார்கள். பிறகு அந்த அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கை உறை தாங்குகிறதா என்று பார்க்கிறார்கள். தயாரிக்கும் ஒவ்வோர் உறையையும் ஆலையிலேயே அழுத்தச் சோதனை செய்யப்போவதில்லை என்று தயாரிப்பாளர் சொன்னால் நான்கு மடங்கைத் தாங்கிக் காட்ட வேண்டும். அடுத்து, உறையின் உள்ளும் புறமும் கலவையை நிரப்பி உள்ளே பற்றவைக்கிறார்கள். வெளியே இருப்பது பற்றக் கூடாது. இதற்கு எடுக்கும் கலவை, கருவி நடைமுறையில் சந்திக்கப்போகும் வாயுவைவிட எளிதில் இடுக்கைத் தாண்டக்கூடியதாக இருக்கும். ஐஎஸ்/ஐஇசி 60079 என்ற தர வரிசையில் இவையெல்லாம் விரிவாக எழுதப்பட்டிருக்கின்றன. உலகின் பெரும்பகுதியும் இதே ஐஇசி வரிசையைத்தான் பின்பற்றுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ‘அட்டெக்ஸ்’ என்ற பெயரில் இது சட்டம். 2003 ஜூலை முதல் கட்டாயம். வெளிநாட்டுச் சான்று இருந்தாலும் இந்தியப் பெட்ரோலிய வளாகத்தில் பொருத்த பெசோவின் ஒப்புதல் தனியாகத் தேவை.

சோதனையின் முடிவெல்லாம் கடைசியில் கருவியின் மேல் ஆணியடித்த சிறு தகட்டில் சுருங்கிவிடுகிறது. ‘எக்ஸ் டிபி 2பி டி4 ஜிபி’ என்று அதில் இருந்தால், ஃபிளேம்ப்ரூஃப் முறை, 2பி குழு வரை, பரப்பு வெப்பம் 135 டிகிரிக்குள், மண்டலம் 1க்கு ஏற்றது என்று பொருள். சான்று எண்ணின் கடைசியில் தனியாக ஒரு ‘எக்ஸ்’ எழுத்து நின்றால் அதைக் கவனித்தாக வேண்டும்: பயன்படுத்தச் சில தனி நிபந்தனைகள் உண்டு, அவை தகட்டில் இல்லை, சான்றிதழைத் திறந்து படிக்க வேண்டும். ‘யு’ என்று முடிந்தால் அது முழுக் கருவிக்கான சான்றே அல்ல, ஓர் உறுப்புக்கானது. வாங்கும் இடத்தில் பெரும்பாலும் இந்த ஓரெழுத்தை யாரும் பார்ப்பதில்லை.

தமிழ்நாட்டுக்கு முக்கியமான இன்னொரு விவரம் தகட்டில் எழுதாமலே விடப்படும் ஒன்று. சுற்றுப்புற வெப்பநிலை தனியாகக் குறிக்கப்படவில்லை என்றால், கருவி மைனஸ் 20 முதல் 40 டிகிரி வரைக்கு மட்டுமே சான்று பெற்றது என்பது விதி. ஐரோப்பியக் குளிரையும் மிதமான கோடையையும் மனத்தில் வைத்து வகுத்த எல்லை இது. காஞ்சிபுரம் வட்டாரத்தில் கத்திரி வெயில் நாட்களில் நிழலிலேயே 40ஐத் தாண்டுவது புதிதல்ல. 2003 மே மாதம் சென்னையில் 45 டிகிரி பதிவானது. வெயிலில் நிற்கும் உலோகப் பெட்டிக்குள் இன்னும் கூடும். அந்த மதிய வேளையில், 40 டிகிரிக்கான கருவி சான்றின் எல்லைக்கு வெளியே ஓடிக்கொண்டிருக்கிறது. மைனஸ் 20 டிகிரியை உறுதிசெய்யும் சான்றால் உத்திரமேரூருக்குப் பயன் இல்லை. 50 டிகிரி வரை எழுதி வாங்கினால் பயன் உண்டு.

சான்று சொல்வது ஒன்றைத்தான்: இந்த வரைபடத்தின்படி செய்த கருவி, இந்த நிபந்தனைகளில், இந்தச் சோதனையைத் தாண்டியது. பொருத்திய பிறகு நடப்பதற்கு அது பொறுப்பல்ல. பெரிய ஆலையில் ஆள் இருக்கும். கிராமப்புற பங்க்கில் மின்னழுத்தம் ஏறி இறங்கி மோட்டார் சுருள் கருகினால், பக்கத்து ஊர் காயில் கட்டும் கடைக்குப் போவதே வழக்கம். சுருளைக் கட்டுபவர் தன் வேலையில் கெட்டிக்காரராகவே இருக்கலாம். ஆனால் மூடியைக் கழற்ற உளியை இடுக்கில் விட்டு நெம்பினால், செதுக்கிய பரப்பில் ஒரு கீறல் விழும். சுடருக்கு அது வழி. துருவை உப்புத்தாளால் தேய்த்தால் இடைவெளி கூடும். எட்டு போல்ட் இருந்த இடத்தில் ஏழைப் போட்டு மூடினால், வெடிப்பின்போது மூடி அந்தப் பக்கம் தூக்கிக்கொள்ளும். கேபிள் நுழையும் துளையில் சான்று பெற்ற கிளாண்டுக்குப் பதில் சாதாரணக் கிளாண்டைப் போட்டு எம்-சீல் பூசுவதும் நடக்கிறது. மோட்டார் முன்போலவே ஓடும், தகடும் முன்போலவே இருக்கும். இந்தக் கருவிகளைப் பழுதுபார்ப்பதற்கென்றே 60079இன் 19ஆம் பகுதியும், நேரில் பார்வையிடுவதற்கு 17ஆம் பகுதியும் உண்டு. பார்வையிடுதல் மூன்று நிலை: கண்ணால் பார்ப்பது, கருவியைத் திறக்காமல் நெருங்கிச் சோதிப்பது, திறந்து அளப்பது. ஒரு போல்ட் இல்லாததைக் காண முதல் நிலையே போதும்.

கருவியைத் தாண்டியும் பொறிகள் உண்டு. உலர்ந்த காற்றில் இருக்கையில் உரசி எழுந்த மனித உடலில் சில மில்லிஜூல் நிலைமின்சாரம் சேரலாம். பெட்ரோல் ஆவிக்கு 0.25 மில்லிஜூலை ஒட்டிய அளவே போதும். பங்க்கில் கைபேசி பேசக் கூடாது என்ற பலகை எங்கும் உண்டு. கைபேசி அந்த இடத்துக்குச் சான்று பெறாத கருவி என்பதால் அந்தத் தடை சரியே. ஆயினும் அமெரிக்காவின் பெட்ரோலியக் கருவி நிறுவனம் திரட்டி ஆராய்ந்த பங்க் தீ விபத்துகளில் கைபேசியால் நேர்ந்ததாக எதுவும் உறுதியாகவில்லை. பலவற்றில் நிலைமின்சாரமே காரணமாகத் தெரிந்தது. தரையில் வைக்காமல் வண்டியிலேயே பிளாஸ்டிக் கேனை வைத்து பெட்ரோல் நிரப்புவது கைபேசியைவிட மோசமான பழக்கம். அதற்கு அவ்வளவு பெரிய பலகை இருப்பதில்லை.

தூசியின் கதை வாயுவைவிடக் குறைவாகப் பேசப்படுகிறது. 1785 டிசம்பரில் இத்தாலியின் டூரின் நகரில் ஒரு ரொட்டிக்கடையின் மாவுக் கிடங்கு வெடித்தது. தூசி வெடிப்பாகப் பதிவான மிகப் பழைய நிகழ்வுகளில் அது ஒன்று. 2008 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் சர்க்கரைத் தூள் வெடித்து 14 பேர் இறந்தார்கள். 2025 ஜூன் 30 அன்று தெலங்கானாவின் பாசமைலாரத்தில், மாத்திரைகளில் சேர்க்கும் செல்லுலோஸ் தூள் செய்யும் ஆலை வெடித்து 40க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். தூசிக்கும் மண்டலங்கள் உண்டு: 20, 21, 22. ஆனால் வாயு கசிவு நின்றதும் கலைந்துபோகும். தூசி உத்தரத்திலும் மோட்டாரின் மேலும் படிந்து காத்திருக்கும். படிந்த தூசி மோட்டாரின் வெப்பத்தை வெளியே விடாமல் போர்த்தி அதன் சூட்டைக் கூட்டவும் செய்யும். ஆகவே 5 மில்லிமீட்டர் படிவு எந்த வெப்பத்தில் கனலத் தொடங்குகிறதோ அதைவிட 75 டிகிரி குறைவாகவே பரப்பு வெப்பம் இருக்க வேண்டும் என்பது விதி. அரிசி ஆலையில் இதற்கு மலிவான பாதுகாப்பு, படிவை அந்த அளவுக்குச் சேரவிடாமல் நாள்தோறும் கூட்டி அள்ளுவது. சிறிய முதல் வெடிப்பு உத்தரத்துத் தூசியை உதறிப் பறக்கவிட, இரண்டாவது வெடிப்பு கட்டடத்தையே பெயர்ப்பதுதான் இத்தகைய விபத்துகளின் பொதுவான போக்கு.

அரிசி ஆலை பெசோவின் எல்லைக்குள் வராது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 37ஆம் பிரிவு வெடிக்கும் தூசிக்கும் வாயுவுக்கும் வகைசெய்தது: தூசியை அகற்று, இயந்திரத்தை மூடு, பற்றவைக்கும் எதையும் விலக்கு. எரியும் பொருள் இருந்த கலத்தை அது முற்றிலும் போகும்வரை வெல்டிங் செய்யக் கூடாது என்பதும் அதே பிரிவு. ஆனால் அந்தச் சட்டப்படி, மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் பத்துப் பேர் வேலை செய்தால்தான் அது தொழிற்சாலையாகக் கருதப்பட்டது. 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த எண்ணை இருபதாக்கியது. நாலு பேரை வைத்து நடக்கும் கிராமத்து ஆலையும் டேங்கர் பட்டறையும் இந்த வரையறையில் தொழிற்சாலையே அல்ல.

மற்ற சட்டங்களிலும் இப்படி அளவுக்கோடுகள் உண்டு. விற்பனைக்கு அல்லாத பெட்ரோல் 30 லிட்டர் வரை வைத்திருக்க உரிமம் வேண்டாம். சமையல் எரிவாயு உருளைகள் மொத்தம் 100 கிலோ வரை உரிமமின்றி வைக்கலாம். உணவுக்கடைக்காரரின் 19 கிலோ உருளை ஐந்து என்றால் 95 கிலோ, கோட்டுக்குச் சற்று உள்ளே. எல்லாவற்றுக்கும் உரிமம் கேட்டால் நிர்வாகம் நடக்காது என்பதால் இந்தக் கோடுகள் தேவையாகின்றன. அந்த ஐந்து உருளைகள் இருக்கும் அறையின் சுவிட்சைச் சோதிக்க எந்த அதிகாரியும் வரப்போவதில்லை. சான்று பெற்ற ஃபிளேம்ப்ரூஃப் சுவிட்சை அங்கே எதிர்பார்ப்பதும் நடைமுறையல்ல. சுவிட்சை அறைக்கு வெளியே மாட்டுவதும், கனமான வாயு வெளியேறத் தரையை ஒட்டி ஜன்னல் விடுவதும் முடியும். இரண்டுக்கும் சான்றிதழ் வேண்டாம்.